எட்டாவது அவென்யூ, 53-வது தெரு

நியூயார்க் சுரங்க ரயிலில் கண் வங்கி ஒன்றின் விளம்பரம் சில காலம் ஒட்டப்பட்டிருந்தது. நீண்ட முகம், கண்களுக்குக் கீழே தளர்ந்த தோல், வாய் ஓரத்தில் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது போன்ற ஒரு மடிப்பு. ஜெர்ரி ஆர்பாக். நெஞ்சையும் உயிரையும் நடிப்புக்குக் கொடுத்தவர், பார்வையை நியூயார்க்வாசிகள் இருவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அந்த விளம்பரம் சொன்னது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அதை இரண்டு மூன்று முறை படித்தேன். இறங்க வேண்டிய நிலையம் கடந்து போய்விட்டது.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். 2001-ஆம் ஆண்டின் கடைசியில் ஜெர்சி சிட்டிக்குக் குடிவந்தபோது எனக்கு ஆய்வகம் ஒன்றில் இரவுப் பணி. காலையில் அறைக்குத் திரும்பினால் உடனே தூக்கம் வராது. கேபிள் சேனல் ஒன்றில் ‘லா அண்ட் ஆர்டர்’ தொடரின் பழைய அத்தியாயங்கள் அடுத்தடுத்து ஓடும். முதல் பாதியில் போலீஸ் துப்பறியும், இரண்டாம் பாதியில் அரசு வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். காட்சிக்குக் காட்சி நடுவே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு முகவரியும் ஒரு தேதியும் வரும், கூடவே சம்மட்டி விழுவது போல இரண்டு தட்டு. எந்தத் தெரு எங்கே இருக்கிறது, கிழக்கு எது, மேற்கு எது என்பதையெல்லாம் நான் அந்தக் கறுப்பு அட்டைகளிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அமெரிக்க ஆங்கிலம் காதில் பிடிபட்டதும் அப்படித்தான். தெளிவாகப் புரிந்த முதல் குரல் லென்னி பிரிஸ்கோ என்ற துப்பறிவாளராக நடித்த ஆர்பாக்குடையது. அவர் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு எழுத்துகூட விழுங்கப்படாது.

அது ஏன் என்பதை உடன் வேலை பார்த்த ஒரு மூத்த பெண்மணிதான் எனக்குச் சொன்னார். பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஒரு நாள் அதிகாலை தேநீர் இடைவேளையில் பிரிஸ்கோவைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “உங்களுக்கு அவர் போலீஸ்காரர். எனக்கு அவர் பில்லி ஃப்ளின். 1975-இல் ‘சிகாகோ’ நாடகத்தில் அவரைப் பார்த்தேன். அவர் பாடுவார், தெரியுமா? ஆடவும் செய்வார்.” எனக்குத் தெரியாது. நம்பவும் முடியவில்லை. மறுவாரம் ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், ‘தி ஃபென்டாஸ்டிக்ஸ்’ இசைநாடகத்தின் 1960-ஆம் ஆண்டு ஒலிப்பதிவு.

காலை எட்டு மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அதைப் போட்டேன். செப்டம்பர் மாதத்தை நினைவில் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் அந்த முதல் பாட்டு தொடங்கியது. பாடுபவருக்கு அப்போது வயது 24. கனமான குரல், ஆனால் கனத்தைக் காட்டுவதற்காகப் பாடவில்லை. அருகில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசத் தொடங்கி, அந்தப் பேச்சே தன்னையறியாமல் பாட்டாகிவிட்டது போல இருந்தது. மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. பிரிஸ்கோவிடம் நான் கேட்ட அதே உச்சரிப்பு, நாற்பது ஆண்டு இளமையாக. அன்று பகல் முழுவதும் தூங்கவில்லை.

ஆர்பாக் 1935 அக்டோபர் 20 அன்று பிராங்க்ஸில் பிறந்தார். ஒரே பிள்ளை. தந்தை உணவக மேலாளர், முன்பு பாட்டும் நகைச்சுவையும் கலந்த வாட்வில் மேடைகளில் தோன்றியவர். தாய் வானொலியில் பாடியவர். குடும்பம் ஊர் ஊராக மாறி இல்லினாய் மாநிலத்தின் வாகீகன் நகரில் நிலைகொண்டது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர் கடைசி ஆண்டுக்குக் காத்திராமல் 1955-இல் நியூயார்க் வந்துவிட்டார். கிரீனிச் வில்லேஜில் ‘தி த்ரீபென்னி ஆப்பரா’ ஓடிக்கொண்டிருந்த சிறிய அரங்கில், நடிகர் வராத நாளில் அவருக்குப் பதிலாக நிற்கும் ஆளாகச் சேர்ந்தார். பிறகு சில்லறை வேடங்கள், கடைசியில் தலைமை வேடமான மெக். ஒரே நாடகத்தின் பல வேடங்களை இப்படி உள்ளேயிருந்து ஏறிப் படித்தவருக்கு, பக்கத்தில் நிற்பவர் அடுத்து என்ன செய்வார் என்பது உடம்பிலேயே பதிந்துவிடும் என்று நினைக்கிறேன். பின்னாளில் அவருடன் துப்பறிவாளராக நடித்த ஒவ்வொருவரும் அவர் பக்கத்தில் நிற்கும்போது இன்னும் நன்றாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

‘தி ஃபென்டாஸ்டிக்ஸ்’ 1960 மே 3 அன்று சல்லிவன் தெருவில் 150 பேர் உட்காரக்கூடிய அரங்கில் தொடங்கியது. டாம் ஜோன்ஸ் எழுத்து, ஹார்வி ஷ்மிட் இசை. வாத்தியங்கள் ஒரு பியானோவும் ஒரு ஹார்ப்பும் மட்டும். மேடையில் ஒரு பலகைத் தளமும் அட்டையில் வெட்டிய ஒரு நிலாவும். பேசாத பாத்திரம் ஒன்று காகிதத் துண்டுகளைத் தூவினால் அதுதான் பனி. பக்கத்து வீடுகளில் இருக்கும் இரண்டு தகப்பன்மார் தம் பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்ப வேண்டும் என்பதற்காகவே சண்டை போடுவது போல நடிக்கிறார்கள். பெண்ணைக் கடத்துவது போல ஒரு நாடகமாட எல் காலோ என்பவனைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள். அந்த எல் காலோதான் ஆர்பாக். கொள்ளைக்காரனும் அவனே, கதைசொல்லியும் அவனே. பொய் நிலவை உண்மை நிலவென்று நம்ப வைப்பதும், பிறகு பகல் வெளிச்சத்தில் அதன் அட்டையைக் காட்டிக் கொடுப்பதும் அவன் வேலை. அந்த நாடகம் 2002 ஜனவரி 13 வரை அதே இடத்தில் 17,162 முறை நடந்தது. ஆர்பாக் தொடக்கக் காலத்திலேயே விலகிவிட்டார். அதன் பிறகு வந்த எல் காலோக்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரும் அவர் போட்ட தடத்தில் நடந்தவர்கள்.

அடுத்த ஆண்டே நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளின் உலகமான பிராட்வே அழைத்தது. 1961-இல் ‘கார்னிவல்’. கால் ஊனமான பொம்மலாட்டக்காரர் வேடம். மனிதர்களிடம் எரிந்து விழுபவர், பொம்மைகளின் வாய் வழியாக மட்டும் அன்பாகப் பேசத் தெரிந்தவர். இயக்குநர் கவர் சாம்பியன், தயாரிப்பாளர் டேவிட் மெரிக். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இருபது ஆண்டுகள் கழித்து மறுபடியும் வருவார்கள்.

1968 டிசம்பரில் ‘ப்ராமிசஸ், ப்ராமிசஸ்’. நீல் சைமன் எழுத்து, பர்ட் பாக்கரக் இசை, ஹால் டேவிட் பாடல்கள். மேலதிகாரிகள் கள்ளத்தனமாகச் சந்தித்துக்கொள்ளத் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கும் குமாஸ்தா வேடம். கதை நடுவே பார்வையாளர் பக்கம் திரும்பித் தன் நிலையை அவர்களிடம் சொல்வார். இந்த வேடத்துக்காக 1969-இல் இசைநாடகத்தின் சிறந்த நடிகருக்கான டோனி விருது, பிராட்வேயின் உயரிய விருது, பெற்றார்.

பிறகு அந்தப் பெண்மணி பார்த்த ‘சிகாகோ’. பாப் ஃபாசி இயக்கம், க்வென் வெர்டனும் சீட்டா ரிவேராவும் நாயகிகள். கொலை செய்த பெண்களைப் பணம் வாங்கிக்கொண்டு விடுவிக்கும் வழக்கறிஞர் பில்லி ஃப்ளின்னாக ஆர்பாக். கட்சிக்காரியை மடியில் பொம்மை போல உட்கார வைத்து, அவள் வாயசைக்க, அவளுக்கான பொய்யை இவர் பாடும் காட்சி அதில் இருக்கிறது. அதே பருவத்தில் வந்த ‘எ கோரஸ் லைன்’ 1976-இன் டோனி விருதுகளில் பெரும்பாலானவற்றை அள்ளிக்கொண்டு போனது. ‘சிகாகோ’வுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2002-இல் படம் வந்த பிறகு பில்லி ஃப்ளின் என்றால் உலகத்துக்கு வேறு முகம். ஆர்பாக்கின் ஃப்ளின் இசைத்தட்டில் குரலாக மட்டும் மிஞ்சியிருக்கிறார். கைகளை எப்படி வைத்திருந்தார், மடியில் இருந்தவளை எப்படித் திருப்பினார் என்பதெல்லாம் நேரில் பார்த்தவர்களோடு போய்விடும். என்னுடன் வேலை பார்த்த அந்தப் பெண்மணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காற்றில் ஒரு பொம்மையைப் பிடித்து அசைத்து எனக்குக் காட்டினார். அந்த அசைவுதான் எனக்குக் கிடைத்த ‘சிகாகோ’. அதற்காக அவருக்கு என்றும் நன்றி.

1980 ஆகஸ்ட் 25-ஐ எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். வின்டர் கார்டன் அரங்கில் ‘42-வது தெரு’ இசைநாடகத்தின் முதல் இரவு. தயாரிப்பாளர் மெரிக், இயக்குநர் சாம்பியன். பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த காலத்தில், என்ன ஆனாலும் நாடகம் மேடையேற வேண்டும் என்று ஆட்களை விரட்டி வேலை வாங்கும் ஜூலியன் மார்ஷ் என்ற இயக்குநரின் வேடம் ஆர்பாக்குக்கு. ஆட்டம் அபாரமாக நடந்தது. கடைசியில் நடிகர்கள் வரிசையாக வந்து வணங்க, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அப்போது மெரிக் மேடைக்கு வந்தார். துயரமான ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது என்று தொடங்கியபோது சிலர் சிரித்தார்களாம், அதுவும் ஏதோ விளையாட்டு என்று நினைத்து. கவர் சாம்பியன் அன்றைக்கு இறந்துவிட்டார் என்று சொன்னார். மேடையில் இருந்த நடிகர்களுக்கு அதுவரை தெரியாது. மெரிக் அதை அவர்களிடமிருந்தே மறைத்து வைத்திருந்தார். கதாநாயகியாக நடித்த இளம்பெண் உடைந்து அழுதார். எல்லோரும் உறைந்து நின்றார்கள். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

திரையை இறக்கச் சொல்லிப் பக்கவாட்டை நோக்கிச் சத்தமிட்டவர் ஆர்பாக். திரை இறங்கியது.

மெரிக் செய்ததை விளம்பரத் தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. தன்னைப் பிராட்வேக்குக் கொண்டுவந்த மனிதர் இறந்துபோனார் என்பதை 1,500 பேர் முன்னால், முகத்தில் அரிதாரத்தோடு நின்று கேட்கிறார் ஒருவர். அடுத்த சில நொடிகளில் அவருக்குத் தோன்றியது, இந்தப் பிள்ளைகளின் அழுகையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான். ஆர்பாக்கைப் பற்றி ஒரே ஒரு சம்பவம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

படங்களை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை, நல்ல வேடங்கள் இருந்தும். ‘டர்ட்டி டான்சிங்’ படத்தில் மகளைப் புரிந்துகொள்ளத் தவறி, பிறகு மன்னிப்புக் கேட்கும் மருத்துவர். உடி ஆலன் படத்தில் அண்ணனுக்காகக் கொலைக்கு ஏற்பாடு செய்யும் தம்பி. டிஸ்னியின் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’டில் விருந்துக்கு அழைத்துப் பாடும் மெழுகுவர்த்தித் தாங்கி. தாய் தந்தையர் பிரிஸ்கோவைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டிலேயே, அடுத்த அறையில் அவர் குரலுக்குக் குழந்தைகள் கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒருவரே என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. 1981-இல் சிட்னி லூமெட்டின் ‘பிரின்ஸ் ஆஃப் த சிட்டி’யில் நடித்த போதைப்பொருள் தடுப்புப் போலீஸ்காரரை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். பிரிஸ்கோவின் நடை அங்கே தொடங்கிவிட்டது.

‘லா அண்ட் ஆர்டர்’ தொடரில் அவர் முதலில் வந்தது 1991-இல், குற்றவாளித் தரப்பு வழக்கறிஞராக, ஒரே ஓர் அத்தியாயத்தில். 1992 நவம்பரில் பால் சொர்வீனோ விலகிய இடத்துக்குத் துப்பறிவாளராக வந்தார். வயது 57. 2004 மே வரை, பன்னிரண்டு பருவங்கள், 270-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். பிரிஸ்கோ குடியை விட்ட குடிகாரர், இருமுறை மணமுறிவு கண்டவர், மகள்களுக்கு நல்ல தகப்பனாக இருக்க முடியாமல் போனவர். தொடரின் வழக்கப்படி இதையெல்லாம் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. போகிற போக்கில் அரை வாக்கியம் விழும். அந்த அரை வாக்கியங்களை வைத்து ஒரு முழு மனிதரை அவர் கட்டி எழுப்பினார்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் யாரோ ஒருவர் ஒரு பிணத்தைப் பார்ப்பார். போலீஸ் வரும். பிரிஸ்கோ குனிந்து பார்த்து ஒரு வரி சொல்வார், தலைப்பு இசை தொடங்கும். அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் ரசிப்பார்கள். நான் பார்த்தது வேறு. அந்த வரியைச் சொல்லும்போது அவர் பிணத்தைப் பார்ப்பதில்லை, கூட்டாளியையும் பார்ப்பதில்லை. பாதி திரும்பியிருப்பார். குறிப்பேட்டை உள்பையில் போட்டுக்கொண்டே சொல்வார். சிரிப்புக்காக ஒரு கணம்கூடக் காத்திருக்க மாட்டார். வாரத்துக்கு எட்டு ஆட்டம் என்று முப்பது ஆண்டுகள் மேடையில் நின்றவருக்குச் சிரிப்பு எந்த இடத்தில் வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது அத்துப்படி. எங்கே நிறுத்தினால் கைதட்டல் வரும் என்று தெரிந்தவர்தான் நிறுத்தாமல் போக முடியும். அந்த வரி அவர் வாயில் நகைச்சுவையாக இருக்காது. இதைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன ஒருவர் தொடர்ந்து நிற்பதற்காகப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி போல இருக்கும்.

1996-இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் வழக்கமான வழக்கு விசாரணை இல்லை. காலையில் ஒரு மரண தண்டனை நிறைவேற்றப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த துப்பறிவாளர்கள் இருவரும் வழக்கறிஞர்கள் இருவரும் அன்றைய பகலை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதுதான் கதை. பிரிஸ்கோ மகளைச் சந்திக்கிறார், பேச்சு சரியாக அமையவில்லை. இரவில் மதுக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார். பல ஆண்டு உறுதி ஒரே நாளில் கரைகிறது. தள்ளாட்டமோ குழறலோ பெரிதாக இல்லை. பேச்சின் தாளம் மட்டும் அரை மாத்திரை பின்தங்குகிறது. எப்போதும் காலப்பிரமாணம் தவறாத ஒரு குரல் அப்படிப் பின்தங்கியபோது, எனக்கு மிக நெருங்கிய ஒருவர் குடித்துவிட்டு வந்தது போலப் பதறியது. அவரை வீட்டில் விட வரும் இளம் வழக்கறிஞர் விபத்தில் சிக்கும் அந்த முடிவை நான் இரண்டாம் முறை பார்த்ததில்லை.

தொலைக்காட்சி வந்து அவரை மீட்டது, முதுமையில்தான் அங்கீகாரம் கிடைத்தது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேடைக்காலம் முன்னுரை, தொடர்தான் நூல் என்று சொல்வது போல ஆகிவிடும். பிரிஸ்கோவின் குரலைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் எல் காலோவின் நெருக்கம் அங்கே இருக்கிறது, அந்தக் குமாஸ்தாவின் கூச்சம் இருக்கிறது, பில்லி ஃப்ளின்னின் தந்திரங்களை உள்ளேயிருந்து அறிந்த ஒருவர் வழக்கறிஞர்கள் மேல் படும் எரிச்சலும் இருக்கிறது. அழிந்துபோனதாக நான் வருந்திய மேடை ஆட்டங்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரு போலீஸ்காரரின் நடையாகி, இன்றும் எங்கோ ஒரு சேனலில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தத் தொடர் நியூயார்க் மேடைக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹட்சன் ஆற்றங்கரையில் செல்சீ பியர்ஸ் வளாகத்தில் படப்பிடிப்புத் தளம். மன்ஹாட்டனிலேயே இருந்ததால், பகலில் சாட்சியாகவோ காவல்காரராகவோ ஒரு காட்சியில் நடித்துவிட்டு இரவு எட்டு மணி ஆட்டத்துக்கு அரங்குக்குப் போய்விடலாம். மேடை நடிகர்கள் பலருக்கு வீட்டு வாடகை அங்கிருந்துதான் வந்தது. பிராட்வே நாடகக் கையேட்டை எடுத்து நடிகர் குறிப்புகளைப் படித்தால் பலவற்றில் அந்தத் தொடரின் பெயர் இருக்கும். ஒரு நாள் வேலைக்கு வந்த அவர்களில் பலருக்கு எதிரே நின்று கேள்வி கேட்டவர் ஆர்பாக்.

புராஸ்டேட் புற்றுநோயோடு அவர் சுமார் பத்து ஆண்டுகள் வாழ்ந்தார், வெளியே அதிகம் சொல்லாமல். ‘ட்ரையல் பை ஜூரி’ என்ற கிளைத் தொடருக்கு பிரிஸ்கோவாகவே மாறினார். அதில் இரண்டு அத்தியாயங்கள்தான் அவரால் நடிக்க முடிந்தது. 2004 டிசம்பர் 28 அன்று இறந்தார். பிராட்வே அரங்குகள் முகப்பு விளக்குகளை மங்கச் செய்து அஞ்சலி செலுத்தின. அந்த இரண்டு அத்தியாயங்கள் 2005 மார்ச்சில் ஒளிபரப்பாயின. குரல் மெலிந்திருந்தது, உச்சரிப்பு மெலியவில்லை.

அவர் மனைவி இலேன் ‘சிகாகோ’ நாட்களில் அறிமுகமான நடனக் கலைஞர். படப்பிடிப்புக்காக விடியும் முன்னே கிளம்பும் ஆர்பாக், தூங்கிக்கொண்டிருக்கும் மனைவியின் காப்பிக் கோப்பை அருகே தினமும் நாலு வரிக் கவிதை எழுதி வைத்துவிட்டுப் போவாராம். இலேன் அத்தனை சீட்டுகளையும் பத்திரப்படுத்தியிருந்தார். 2009-இல் அவை புத்தகமாக வந்தன. பெரிய கவிதைகள் அல்ல. எதுகைக்காக இழுத்துக் கட்டிய வரிகள்தான். நேரம் குறைவாக இருந்தும் ஒவ்வொரு நாளும் எழுதினார் என்பதற்காகவே அந்தப் புத்தகத்தை வாங்கி வைத்திருக்கிறேன்.

‘தி ஃபென்டாஸ்டிக்ஸ்’ 2006-இல் மறுபடியும் உயிர்பெற்றது, பிராட்வேயும் 50-வது தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறிய அரங்கில். அந்த அரங்குக்குப் பின்னர் ஆர்பாக்கின் பெயரையே வைத்தார்கள். ஓர் ஞாயிறு பிற்பகல் ஆட்டத்துக்குப் போனேன். பலகைத் தளம், அட்டை நிலா, ஹார்ப் எல்லாம் இருந்தன. இளைஞர் ஒருவர் முன்னால் வந்து செப்டம்பரை நினைவுகூரச் சொல்லிப் பாடினார். நன்றாகப் பாடினார். அவருடைய சொற்களும் ஒவ்வொன்றாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தன.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தேன். ‘42-வது தெரு’வின் முதல் இரவு நடந்த வின்டர் கார்டன் பக்கத்திலேயே இருந்தது. அதன் வாசலிலிருந்து எட்டாவது அவென்யூவுக்கு நடந்து, வடக்கே திரும்பி, 53-வது தெரு முனைக்குப் போனேன். அவர் குடியிருந்த பகுதி அது. கம்பத்தில் தெருப் பெயரோடு சேர்த்து ஜெர்ரி ஆர்பாக் வழி என்று இன்னொரு பச்சைப் பலகை. கடிகாரத்தைப் பார்த்தேன். வின்டர் கார்டனிலிருந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது.